ஒதுங்குமிடங்களை வரைபடத்தில் குறிப்பது பற்றி

நண்பர்களே, ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள ஒற்றைத்தடச் சாலைகளை, எல்லோரும் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பவர்கள் கவனிக்கவும். எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்கிக்கொள்ளும் அகலமான இடத்தைத் தனிச் சாலையாக வரைய வேண்டாம். சாலைக் கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்து 'ஹைவே=பாஸிங்_பிளேஸ்' (highway=passing_place) என்ற குறிச்சொல்லைக் கொடுத்தால் போதும். புள்ளி கோட்டுக்கு வெளியே நின்றால் அது எந்தச் சாலைக்கு உரியது என்று செயலிகளுக்குத் தெரியாது. சாலைக்கு ஒரே தடம் என்று சொல்லும் 'லேன்ஸ்=1' (lanes=1) குறிச்சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒதுங்குமிடம் சாலையின் எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரிந்தால் 'சைடு' (side) குறிச்சொல்லும் சேர்க்கலாம். இடம், வலம் எல்லாம் கோடு வரைந்த திசையை வைத்துத்தான். கோட்டைத் திருப்பினால் அதையும் சரிபார்க்க வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து ஒதுங்குமிடத்தைப் பார்க்கிங் என்று போடவே போடாதீர்கள். அதை நம்பி ஒருவர் அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் போனால் ஆம்புலன்ஸ்கூட மாட்டிக்கொள்ளும்.