மியான்மரில் யாங்கோன் நகரத்தை அடுத்த தன்லின் பக்கத்துத் தமிழ் நிலக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே,

தரகர் வந்தால் ஏக்கருக்கு எவ்வளவு என்று பேசுகிறோம். தண்ணீர் எங்கே வடியும் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வயலுக்கு மேற்கே நாலு ஏக்கரை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, மண் கொட்டி மேடாக்கி, கம்பி வேலி போட்டார். மூன்று வருஷமாக அங்கே வீடும் இல்லை, நெல்லும் இல்லை, புல்தான் நிற்கிறது. ஓரமாக ஓடிய வடிகால் மட்டும் மண்ணுக்குள் போய்விட்டது. போன ஆடி மழையில், நட்டுப் பத்து நாளான பயிர் முழுகி அழுகியது. அண்ணி கடன் வாங்கி மறுநடவு செய்தார்கள். அதுவும் நிற்கவில்லை. விற்றவர் நம் ஊர்க்காரர். மகள் கல்யாணம் நெருக்கியது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

அந்த மேட்டில் போனது நெல் மட்டுமல்ல. கார்த்திகையில் அறுப்பு முடிந்ததும் மிச்ச ஈரத்தில் உளுந்து விதைப்போமே, அதுவும் போயிற்று. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து இந்த நாட்டிலிருந்து வாங்க 2021-இல் இந்தியா உடன்பாடு செய்தது. தமிழ்நாட்டு இட்லியில் நம் வண்டலும் இருக்கிறது.

நகரம் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. யாங்கோனின் தகோன் புதுநகரங்கள் எழுந்ததும் வயலில்தான்; 2015-இல் திறந்த திலாவா தொழில் மண்டலத்தில்தான் என் மகனுக்கு வேலை. கட்டுவதற்கு வாங்குகிறவர் வேறு, விலை ஏறட்டும் என்று பூட்டிவைக்கிறவர் வேறு. 1930களில் நெல்விலை சரிந்தபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்குப் போனது. உழுகிறவன் கையைவிட்டு நிலம் போனால் எவ்வளவு கசப்பு விளையும் என்று நம் தாத்தாக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

2012-இன் விவசாய நிலச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வயலை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது, காரணமில்லாமல் தரிசு போடவும் கூடாது. கையெழுத்துக்கு முன்னால் பக்கத்து வயல்காரரைக் கூட்டிக்கொண்டு வடிகாலோரம் ஒரு நடை நடந்துவிடுங்கள். அதை அடைக்கக் கூடாது, கட்டும்வரை யாராவது உழலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

மேட்டு நிலத்துக்காரரிடம் பேசிவிட்டேன். ஓரத்தை வெட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். சித்திரை முதல் ஞாயிறு காலையில் மண்வெட்டியோடு அங்கே இருப்பேன். நாலு பேர் வந்தால் ஒரே நாளில் வாய்க்காலைத் திறந்துவிடலாம்.

உங்கள் பக்கத்து வயல்காரன்