மழைக்கு டயர் வாங்கப் போகும் மகனுக்கு

கண்ணா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பக்கத்தில் உங்க அப்பா நின்றுகொண்டு, "இருக்கிற செமி ஸ்லிக் டயரே போதும், காற்றைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளச் சொல்லு" என்று என்னைப் பேசவே விடவில்லை. அதைக் கேட்டு நீ முடிவெடுத்துவிடுவாயோ என்றுதான் இந்தக் கடிதம். அவர் கார் ஓட்டிய 11 வருடமும் டயர் நோட்டு எழுதியவள் நான். எந்த டயர் எத்தனை சுற்று தாங்கியது, எது எந்த வளைவில் கைவிட்டது என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்காது. ஜெயித்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம், சனிக்கிழமையிலிருந்தே மழை என்கிறார்கள். உன்னிடம் இருப்பது பாதி தேய்ந்த செமி ஸ்லிக் ஒரு செட், அதாவது பள்ளக் கோடுகள் குறைவாக இருக்கும் பந்தய டயர். இதை வைத்தே சமாளிக்கலாமா, மழைக்கென்று தனியாக நாலு டயர் வாங்கலாமா என்று கேட்டாய். வாங்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பழைய செட் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நீ பிறப்பதற்கு முன்னால், ஒரு பயிற்சி நாள். காலையில் பெய்த மழை பத்து மணிக்கு நின்றுவிட்டது. டிராக்கில் முக்கால்வாசி காய்ந்து சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்பா செமி ஸ்லிக்கோடு இறங்கினார். டயரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டைகளைப் பட்டன் என்போம், அந்தப் பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டர் இருந்தது. அளந்தவளும் நான்தான், போதும் என்று சொன்னவளும் நான்தான். இரண்டு சுற்று அருமையாகப் போனார். மூன்றாவது சுற்றில் ஒரு நீண்ட வளைவு. அதன் மேட்டுப் பக்கத்துப் புல்லிலிருந்து தண்ணீர் இறங்கி, இரண்டு மூன்று அடி அகலத்துக்கு டிராக்கின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து கார் தெரியாது, சத்தம்தான் கேட்கும். என்ஜின் திடீரென்று வீறிட்டது. வேகம் கூடும்போது சத்தம் படிப்படியாகத்தான் ஏறும். இப்படி ஒரே நொடியில் எகிறினால், பின் சக்கரம் தரையை விட்டுவிட்டுச் சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம். அப்புறம் சத்தமே இல்லை.

கார் டிராக் ஓரத்தில் கொட்டியிருந்த ஜல்லிக்குள் பின்பக்கமாகப் போய்ப் புதைந்திருந்தது. அவருக்கு ஒரு கீறல் இல்லை. "ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், கையில் ஒன்றுமே இல்லை" என்று மட்டும் சொன்னார். அந்த ஜல்லியைக் காருக்குள்ளிருந்து பொறுக்கி எடுக்க இரண்டு நாள் ஆனது.

அன்றைக்கு நான் செய்த தப்பு, டிராக் மொத்தமாக எவ்வளவு ஈரம் என்று பார்த்தது. எந்த இடம் ஆக மோசமாக நனைந்திருக்கிறதோ, அந்த ஒரு இடத்துக்குத்தான் டயர் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை நீ போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக டிராக்கைச் சுற்றி நட. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே குறுக்கே ஓடுகிறது என்று காலால் தெரிந்துகொள்.

பெரிய ஆட்களுக்கும் இதேதான் நடக்கிறது. 2021-இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த எஃப் 1 (ஃபார்முலா ஒன்) பந்தயத்தில் லாண்டோ நாரிஸ் முன்னணியில் இருந்தார். கடைசிச் சில சுற்றுகளில் மழை வந்தது. பள்ளக் கோடே இல்லாத ஸ்லிக் டயரிலேயே சமாளித்துவிடலாம் என்று டயர் மாற்ற உள்ளே வராமல் இருந்தார். மழை வலுத்ததும் வழுக்கி வெளியே போய், கடைசியில் ஏழாவதாக வந்தார். பின்னால் வந்த லூயிஸ் ஹாமில்டன், மிதமான ஈரத்துக்கென்று இருக்கும் இன்டர்மீடியட் டயரை மாற்றிக்கொண்டு ஜெயித்தார், அது அவருடைய நூறாவது வெற்றி. ஹாமில்டனுக்கு வானத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு படையே இருந்தது. உனக்கு யார் இருக்கிறார்கள்? ஜாக்கியோடு நிற்கும் ஒரு நண்பன்.

சரி, டயர் ஏன் மிதக்கிறது என்று பார். டயர் தரையைத் தொடும் இடம் உன் உள்ளங்கை அளவுதான். முன்னால் இருக்கும் தண்ணீரை அந்த உள்ளங்கை ஒதுக்கித் தள்ள வேண்டும். பட்டன்களுக்கு நடுவே இருக்கும் காடிகள்தான் அதற்கு வாய்க்கால். எஃப் 1-இல் ஓடும் பிரெல்லியின் முழு மழை டயர் ஒன்று 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியேற்றும் என்கிறார்கள். இன்டர்மீடியட் 30 லிட்டர்தான். உன் வேகத்துக்கு அவ்வளவெல்லாம் தேவைப்படாது. ஆனால் வாய்க்கால் தூர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார். செமி ஸ்லிக்கில் வாய்க்கால் முதலிலேயே குறைவு. அதுவும் பாதி தேய்ந்துவிட்டது என்றால் சொல்லவே வேண்டாம்.

அதை விடப் பெரிய தொல்லை ரப்பர். செமி ஸ்லிக்கின் ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் ஒட்டும். மழையில் தண்ணீர் அந்தச் சூட்டை உடனுக்குடன் வாங்கிக்கொண்டு போய்விடும். வெயில் நாளில் உள்ளே வரும் காரின் டயரில் கை வைக்க முடியாது. அந்தப் பயிற்சி நாளில், ஜல்லியிலிருந்து இழுத்து வந்ததும் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புக்கூட இல்லை. உன் நண்பன் ஒருவன் பழைய ஸ்லிக்கில் காடி வெட்டித் தருகிறேன் என்றானாமே. காடி வெட்டலாம். அந்த ரப்பரைக் குளிரில் ஒட்ட வைக்க அவனால் முடியுமா? பல போட்டிகளில் கையால் வெட்டிய டயரை அனுமதிப்பதும் இல்லை. ரூல் புக்கில் டயர் பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டு மற்றதை யோசி. டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் ட்ரெட்வேர் எண் 200-க்குக் கீழே போகக்கூடாது என்றுகூட இருக்கலாம்.

இனி எதை வாங்குவது. பந்தயத்துக்கென்றே செய்த மழை டயர் மழையில் அற்புதம். ஆனால் மழை நின்று டிராக் காயத் தொடங்கினால் அதன் மென்மையான பட்டன்கள் நெளிந்து, சூடேறி, துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். அப்போதுதான் ஓட்டுபவர்கள் நேர்ச்சாலையில் வேண்டுமென்றே ஈரமான பக்கம் தேடிப் போவார்கள், டயரைக் குளிரவைக்க. மாற்ற இன்னொரு செட்டும் ஆளும் இருப்பவர்களுக்கு அது சரி. நீ அதே காரில்தான் வீட்டுக்கும் திரும்பப் போகிறாய். அதனால் நான் சொல்வது, சாலையில் ஓடும் நல்ல கோடைகால பெர்ஃபார்மன்ஸ் டயர், புத்தம் புதுசு, பட்டன் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். கோடைகால டயர் என்பது பனிக்கால டயர் இல்லை என்பதற்கான பெயர்தான், மழைக்கும் ஆகும். நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

டயரின் பக்கச்சுவரில் ட்ராக்‌ஷன் என்று ஏ ஏ, ஏ, பி, சி என ஒரு எழுத்து இருக்கும். அது ஈரத் தரையில் நேராகப் பிரேக் போட்டு, சக்கரம் பூட்டிச் சறுக்கும்போது அளந்தது. வளைவில் எப்படி, தேங்கிய தண்ணீரில் எப்படி என்று அந்த எழுத்து ஒன்றும் சொல்லாது. ஏ ஏ இருந்தால் நல்லது, அதை மட்டும் நம்பி வாங்காதே. நான் பார்ப்பது சுற்றளவு நெடுகப் போகும் காடிகளை. மூன்று நான்கு அகலமான காடியாவது இருக்க வேண்டும். அப்புறம், ரூல் அனுமதித்தால், ரிம்முக்கும் பொருந்தினால், 225 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பதில் 205 எடுத்துக்கொள். வெயிலில் அகலம் நல்லது. தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதந்துவிடும்.

கடையில் தேதியையும் பார். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. விலையைக் குறைத்துக் கொடுக்கும் டயர் பல நேரம் கிடங்கில் கிடந்து கெட்டிப்பட்டதாக இருக்கும். நக விளிம்பால் அழுத்திப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

காற்று விஷயத்தில் உங்க அப்பா சொன்னது பாதி சரி. 1960-களில் நாசாவில் விமான டயர்களை வைத்து ஒரு கணக்கு சொன்னார்கள். காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், டயர் முழுதாக மிதக்கும் வேகம் நாட் கணக்கில் வரும், விமானத்துக்கும் கப்பலுக்கும் சொல்லும் வேக அளவு அது. 25 பி.எஸ்.ஐ. என்றால் 45 நாட், மணிக்கு 83 கிலோமீட்டர். 36 என்றால் 54 நாட், மணிக்கு 100. காடி நிரம்பி வழியும் அளவு தண்ணீர் நிற்கும்போதுதான் இது பொருந்தும், உன் டயருக்கு இதே எண் வராது. காற்று குறைந்தால் சீக்கிரம் மிதக்கும் என்பதை மட்டும் எடுத்துக்கொள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் காரில் வெயில் நாளில் 26 வைத்து அனுப்பினால் திரும்பும்போது 34 காட்டும். மழையில் அதே 26 வைத்தால் 28-ஐத் தாண்டாது, சூடே ஏறவில்லையே. அதனால் நான் 31-இல் தொடங்குவேன். உன் காருக்கு வேறு எண் வரும். நான்கைந்து சுற்று போய் வந்ததும் காரை விட்டு இறங்காமல் அளக்கச் சொல்லி எழுதிக்கொள்.

ஆனால் காற்றை ஏற்றியதால் தேய்ந்த டயர் புதுசாகிவிடாது. அப்பா விட்டுவிட்ட மறுபாதி அதுதான்.

மாட்டும்போது இரண்டு விஷயம். பணம் இடித்து இரண்டு டயர்தான் புதுசு என்றால், அவை பின்னால் போக வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் பின்னால்தான். முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டு மீளலாம், பின்பக்கம் வழுக்கினால் மீள உனக்கு நேரமே கிடைக்காது. அடுத்தது அம்புக்குறி. திசை பார்த்து மாட்டும் டயரில் சுழலும் பக்கம் அம்பு போட்டிருக்கும். ஒருமுறை அவசரத்தில் இடது வலது மாற்றி மாட்டி அப்பாவை அனுப்பிவிட்டேன். வெளியே தள்ள வேண்டிய தண்ணீரை டயர் நடுவுக்கு அள்ளிக்கொண்டிருந்தது. ஏன் கார் இப்படி ஆடுகிறது என்று அவர் கத்த, பெட்ரோலில் கோளாறு இருக்கும் என்று நான் சொல்லிவைத்தேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது. இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டாதே.

புது டயரில் முதல் சில சுற்று நிதானமாகப் போ, அச்சிலிருந்து வந்த வழவழப்பு போகும் வரை. வெயிலில் எல்லோரும் வேகமாகப் போகும் தடம், லைன் என்பார்களே, அது மழையில் ஆகாது. அங்கே ரப்பர் படிந்து மெழுகிவிட்டது மாதிரி இருக்கும். ஒரு கார் அகலம் தள்ளி ஓட்டிப் பார். டிராக் ஓரத்துக் கெர்ப்பில் அடித்திருக்கும் பெயின்ட் மேல் சக்கரத்தை ஏற்றாதே.

இதைப் படித்ததும் இருக்கிற செட்டை அளந்து அனுப்பு. ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடம். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று தனித்தனியாக எழுது. எல்லாம் சேர்த்து "பாதி இருக்கும்மா" என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உள்விளிம்புதான் முதலில் மொட்டையாகும், அது நின்றபடி பார்த்தால் தெரியாது. சக்கரத்தைத் திருப்பிவைத்துக் குனிந்து பார்.

அன்புடன்,
அம்மா