உரத்தொட்டி கட்டுவோம்: வீட்டுக்கு 2,500 ரூபாய் கொடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் 96 வீடுகள் உள்ள நம் குடியிருப்பிலிருந்து தினமும் வெளியே போகிற குப்பையில் பெரும்பகுதி காய்கறித் தோல், மிச்சச் சோறு, டீத்தூள், பூஜைப் பூதான். வீட்டுக்கு அரை கிலோ என்று வைத்தாலே கிட்டத்தட்ட 50 கிலோ வருகிறது. இதை நம் காம்பவுண்டுக்குள்ளேயே உரமாக்க, பி பிளாக் மோட்டார் ரூமுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடத்தில் ஆறு தொட்டிகள் கட்டப்போகிறோம். அதற்குப் பணம் வேண்டும்.

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்ததே, அப்போது இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாப்பாட்டுக் கழிவு பிளாஸ்டிக்கோடு கலந்து, காற்றுப் படாமல் அடியில் அழுகினால் மீத்தேன் வரும், அது எரிகிற வாயு. அந்தக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அதே ஆண்டில் சேர்ந்த சதுப்பு நிலம் அது. பல வருஷமாகக் கொட்டிய குப்பையைத் தோண்டிப் பிரிக்கக் கோடிக்கணக்கில் செலவு. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே கையாள வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள், நம் வளாகமும் அந்த அளவைத் தாண்டியதுதான்.

இதற்கு 24 மணி நேரத்தில் உரம் தருகிற மெஷின் வாங்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். கமிட்டி அதை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறது. அந்த மாதிரி மெஷின்களில் பெரும்பாலானவை கழிவைச் சூடாக்கி உலர்த்தித் தூளாக்குகின்றன, அவ்வளவுதான். அந்தத் தூள் இன்னும் மக்கவில்லை, தண்ணீர் பட்டால் மறுபடி அழுக ஆரம்பிக்கும், கரண்ட் பில்லும் நம் தலையில். நமக்கு வேண்டியது சருகு, காற்று, ஓர் ஆளின் கவனம்.

சருகுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. புங்கையும் வேம்பும் மாசி பங்குனியில் கொட்டுகிற இலையைக் கூட்டி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தோம், இந்த வருஷம் அதைச் சாக்குகளில் கட்டி வைத்திருக்கிறோம். ஒரு பக்கெட் சமையலறைக் கழிவு போட்டால் அதன்மேல் இரண்டு பக்கெட் சருகு, கூடவே கொஞ்சம் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர். பச்சைக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம், இரண்டும் சரியாகச் சேர்ந்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடாகி, கிளறும்போது ஆவி பறக்கும். தொட்டி நாற்றமடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகைக் கூட்டிக் கிளறினால் போய்விடும். புழு வந்தாலும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அவை கழிவைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடிக்கிற ‘பிளாக் சோல்ஜர்’ என்ற கருப்பு ஈயின் புழுக்கள், கடிக்காது, நோய் பரப்பாது. எலி வராமல் இருக்க அடியில் கம்பி வலை போடுகிறோம். ஒரு தொட்டி நிரம்ப ஏறக்குறைய இரண்டு வாரம், ஆறாவது நிரம்புவதற்குள் முதல் தொட்டியில் உரம் தயார்.

மொத்தச் செலவு 2,40,000 ரூபாய். காற்றுத் துளை விட்டுச் செங்கல்லில் கட்டுகிற தொட்டிகளுக்கு 1,10,000, மேலே தகரக் கூரைக்கு 40,000, சல்லடை, உரம் கிளறும் பெரிய முள்கரண்டி, கையுறை, பூட்ஸுக்கு 10,000, வீட்டுக்கு ஒரு மூடி போட்ட பக்கெட் தர 20,000. மீதி 60,000 தினமும் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தூய்மைப் பணியாளருக்கு ஒரு வருஷத்துக்கான கூடுதல் சம்பளம், மாதம் 5,000. இதைக் குறைக்கலாம் என்று யாரும் சொல்லாதீர்கள். இருக்கிற சம்பளத்திலேயே இதையும் செய் என்று ஒருவர் தலையில் கட்டினால் அது அநியாயம், திட்டமும் நிற்காது.

அப்புறம், பணத்தோடு இன்னொன்றும் வேண்டும். பக்கெட்டில் பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். சாம்பார், ரசத்தை வடித்துவிட்டுக் கெட்டியானதை மட்டும் போடுங்கள், பூ கட்டிய நூலை எடுத்துவிடுங்கள். முட்டை ஓடு, கிழித்த வாழை இலை தாராளமாக வரலாம். தேங்காய்ச் சிரட்டை மக்கப் பல காலம் ஆகும், அதைத் தனியாக வையுங்கள். மீன், கறி எலும்பு முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். நாப்கின், டயப்பரை எப்போதும் தாளில் சுற்றித் தனியாகத்தான் கொடுக்க வேண்டும், ஒரு மனிதர் கையால்தான் இதையெல்லாம் பிரிக்கிறார்.

வாடகைக்கு இருப்பவர்கள், தனியாக இருப்பவர்கள் முடிந்ததைக் கொடுங்கள், வற்புறுத்தல் இல்லை. கூடுதலாகக் கொடுக்க முடிந்தவர்கள் தயவுசெய்து கொடுங்கள், குறைகிற பணம் அப்படித்தான் ஈடாகும். ஐப்பசி மழைக்குள் கூரை போட்டாக வேண்டும், நனைந்தால் முதல் தொட்டியே கெட்டுவிடும், அதனால் ஆகஸ்ட் 31-க்குள் பணம் வந்தால் நல்லது. மெயின்டனன்ஸ் கட்டுகிற அதே அசோசியேஷன் கணக்கில் போட்டு, குறிப்பில் ‘உரம்’ என்று எழுதி வீட்டு எண்ணையும் சேருங்கள். ரசீது தருவோம், வரவு செலவு மாதாமாதம் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஞாயிறு மாலை 5 மணிக்கு மோட்டார் ரூம் பக்கம் வாருங்கள், கமிட்டியில் யாராவது இருப்போம்.