1948இல்தான் தொடங்கினாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மன் வரலாற்றாசிரியர் தியோடோர் ஷீடர் பற்றிய உங்கள் கட்டுரையில், 'அவரது பேராசிரியர் வாழ்க்கை 1948இல் கொலோனில் தொடங்கியது' என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் 1942இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானது யார், அவருடைய ஒன்றுவிட்ட தம்பியா?

1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். சரி, அன்று சேராதவர் யார் என்பீர்கள். 1939 அக்டோபரில், போலந்து விழுந்த கையோடு அவர் எழுதிய வரைவுக் குறிப்பு தங்களுக்குத் தெரியாததா? போலந்துக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்ற வேண்டும், ஜெர்மனி தன்னோடு சேர்த்துக்கொள்ளாத மிச்ச போலந்தில் யூதர்களே இருக்கக் கூடாது என்று யோசனை சொன்ன குறிப்பு அது. அதே மனிதர்தான் 1950களில், போருக்குப் பின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியரின் துயரத்தைத் தொகுத்த அரசுக் குழுவுக்குத் தலைவர்! இதை விடவா சுவையான செய்தி வேண்டும் ஒரு கட்டுரைக்கு?

அவருடைய புலமையை நான் குறை சொல்லவில்லை. ஐரோப்பாவின் மேற்கே, ஏற்கெனவே இருந்த அரசுக்குள்ளேயே தேசம் பிறந்தது, ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சிதறியவை சேர்ந்தன, கிழக்கே பேரரசுகளை உடைத்துக்கொண்டு பிரிந்தன என்ற அவரது பாகுபாட்டை நானும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவன்தான். ஆனால் 1998இல் பிராங்க்பர்ட் வரலாற்றாசிரியர் மாநாட்டில் இந்தப் பழைய கணக்கு வெடித்தபோது, அவருடைய மாணவர் ஹன்ஸ்-உல்ரிஹ் வேலர் போன்ற ஜாம்பவான்களே 'குருவிடம் ஏன் கேட்கவில்லை?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவந்தது. உங்கள் பத்திரிகைக்கு மட்டும் அது எட்டவில்லை போலும்.

வாழ்க்கைக் குறிப்பில் எதை முழுங்குவார்கள் என்பது எனக்கு அனுபவம். என் பணிநிறைவு மலரில், வேலைநிறுத்தத்துக்காக என்னைச் சம்பளமில்லாமல் வெளியே நிறுத்திய காலத்தைக் காணோம். கேட்டால், 'நல்ல நாளில் அது எதற்கு சார்?' என்றார்கள்.

சென்ற ஆண்டு மெட்டர்னிக் படத்துக்குக் கீழே பிஸ்மார்க் என்று அச்சிட்டீர்கள். திருத்தம் எழுதினேன், வரவில்லை. அதற்கு முந்தைய கடிதத்தில் பாராட்டிய பத்தி மட்டும் வந்தது. பக்க நெருக்கடி என்றீர்கள். எதிர்ப்பக்கம் முழுக்க நகைக்கடை விளம்பரம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் 1937, 1939, 1942 ஆகிய ஆண்டுகளைச் சேர்த்து இரண்டு வரித் திருத்தம், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில். இந்தக் கடிதத்தைப் பாதியாக வெட்டுவதானால் போடவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று விரிவுரையாளர்,
கும்பகோணம்.