களையெடுக்க வந்தவர்களுக்கு ஒரு மடல்

சதுப்புநிலக் கரையில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

மேட்டிலிருந்து வரும் மழைநீரை வடிகட்டிச் சதுப்புக்குள் விடட்டும் என்று கரையோரம் ஒரு பசுமைப் பட்டை வளர்க்கிறோமே, அதற்குக் கன்று நட்ட அன்று வந்தவர்கள் நிறையப் பேர். எடுத்த படங்களும் ஏராளம். அவர்களுக்கும் நன்றி. ஆனால் அதற்கப்புறம் மூன்று வருடம், படமெடுக்க யாரும் இல்லாத நாட்களில் வந்தீர்களே, இந்த மடல் உங்களுக்குத்தான்.

முதலில், குடையோடு வந்த அண்ணனுக்கு. கன்றுகள் வேர் பிடித்துவிட்டன என்று நாங்கள் நிம்மதியாக இருந்த நேரம். கொட்டுகிற மழையில் மேட்டிலிருந்து நீர் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "தண்ணி உங்க செடியைத் தொடவே இல்லையே" என்றார். போய்ப் பார்த்தால், முழ அகலத்துக்கு மண்ணை அரித்துக்கொண்டு கலங்கல் நீர் நேராகச் சதுப்பில் விழுந்துகொண்டிருந்தது. நீர் பரவலாக, மெதுவாகச் செடிகளுக்குள் நுழைந்தால்தான் வண்டல் கரையிலேயே தங்கும். அதில் ஒட்டிவரும் பாஸ்பரசும் தங்கும். ஈரமண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றவும் அவகாசம் கிடைக்கும். ஒற்றை ஓடையாகப் பாய்ந்துவிட்டால், பசுமைப் பட்டை எவ்வளவு அகலமாக இருந்தும் வேடிக்கைதான் பார்க்கும். அந்த வாரமே ஓடையை அடைத்து, சமமட்டத்தில் கல்வரப்பு போட்டவர்களே, முதுகுவலி போயிற்றா?

நடுவதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க, நீர் ஏறி இறங்கிய இடங்களில் குச்சி ஊன்றிக் குறித்த அக்காவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். "எதற்கு இந்தத் தாமதம்?" என்று அலுத்துக்கொண்டவன் நான்தான். அந்தக் குச்சிகளைப் பார்த்துத்தான் கோரையை நீரோரத்திலும், புதர்களை நடுவிலும், மரக்கன்றுகளை மேட்டிலும் வைத்தோம். அவர் சொற்படி, விதைகளையும் பக்கத்துச் சதுப்பிலிருந்தே, ஒரு தூரில் கொஞ்சம் என்று மட்டுமே எடுத்தோம்.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் களையெடுப்பில் ஒரு வரிசைக் கோரையைப் புல் என்று நினைத்துப் பிடுங்கியதும் நான்தான். "தண்டை விரலில் உருட்டிப் பாருங்க மாமா, மூணு பட்டை தட்டுதா?" என்று காட்டிக்கொடுத்த சின்னப் பெண்ணுக்குத் தனி நன்றி. எல்லாக் கோரைக்கும் இது பொருந்தாதாம். அதையும் அவளேதான் சொன்னாள்.

ஆகாயத்தாமரையை இழுத்தவர்களே! பூ அழகுதான், யார் இல்லை என்றது? தென் அமெரிக்காவிலிருந்து அந்த அழகுக்காகவே ஊர் ஊராகக் கொண்டுபோன செடி, போன இடத்திலெல்லாம் நீரை மூடியது. கரையில் குவித்தால் அழுகி, சத்தெல்லாம் மறுபடி தண்ணீருக்கே போகும் என்பதால், சொட்டச் சொட்ட அதைத் தூரத்துக்குச் சுமந்தீர்கள். களைக்கொல்லி அடித்தால் சீக்கிரம் முடியுமே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பறவைகள் குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை புல்லறுப்பைத் தள்ளிவைத்த பக்கத்து நிலத்துக்காரருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று: கரையில் பொறுக்கிய ஏழு கையுறைகள் என்னிடம் இருக்கின்றன. ஏழுமே இடது கைக்கானவை. உரியவர்கள் அடுத்த களையெடுப்புக்கு வரும்போது வாங்கிக்கொள்ளவும்.