ஃபெரிக் குளோரைடு பொறுப்பேற்ற மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஃபெரிக் குளோரைடு தொட்டிகளின் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் பேச்சோடு பேச்சாக, “இரும்பு உப்புதானே அம்மா, அமிலம் அளவுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறார்கள்” என்று ஒன்று சொன்னாய். அதைக் கேட்ட பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதிவிட்டால் நீ எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் இல்லையா, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தப் பேச்சையே எடுத்துக்கொள்கிறேன். ஃபெரிக் குளோரைடு கரைசல் அமிலம்தான். மூன்று நேர்மின்சுமை தாங்கிய இரும்பு அயனி மிகச் சிறியது. தண்ணீருக்குள் போனதும் ஆறு நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில் நீரின் ஹைட்ரஜன் கழன்று வெளியே வந்துவிடும். அப்படிக் கழன்று வரும் ஹைட்ரஜன் அயனிதான் அதன் அமிலத்தன்மை. பாஸ்பாரிக் அமிலத்தின் முதல் ஹைட்ரஜன் எவ்வளவு சுலபமாகக் கழலுமோ, ஏறக்குறைய அதே அளவு சுலபமாக இதுவும் கழலும். நீங்கள் வாங்கும் 40 சதவீதக் கரைசலின் பிஹெச் (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) 2க்கும் கீழே இருக்கும். பெயரில் உப்பு என்று இருப்பதை வைத்து அதன் குணத்தைக் கணக்குப் போடாதே.

உங்கள் நிலையத்துக்கு அது உதவுவதும் இதே குணத்தால்தான். கலங்கல் நீரில் கொஞ்சம் விட்டதும் இரும்பு அயனி ஹைட்ரஜனை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டே போய், கடைசியில் இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரளும். செம்பழுப்பில் பஞ்சுப் பிசிறு போல மிதக்கும் அந்தத் திரள்தான் களிமண் துகளையும் பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படிகிறது. அந்த ஹைட்ரஜனை எல்லாம் நீரிலுள்ள காரத்தன்மை ஏற்றுக்கொள்கிறது. ஒரு மில்லிகிராம் ஃபெரிக் குளோரைடு சுமார் 0.92 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும், காரத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால். நீரில் காரத்தன்மை குறைவாக இருந்தால் பிஹெச் சரிந்துவிடும், சுண்ணாம்பு சேர்க்க வேண்டி வரும். ஆக, தொட்டியில் நடப்பதும் கண்ணில் ஒரு துளி தெறித்தால் நடப்பதும் ஒரே வினைதான். கலங்கல் நீரில் அந்த அமிலத்தை வாங்கிக்கொள்ளக் காரத்தன்மை இருக்கிறது. கண்ணில் அதை வாங்கிக்கொள்வது கருவிழியின் திசு.

இந்தப் பொருளின் வெவ்வேறு உருவங்களையும் தெரிந்து வைத்துக்கொள். நீர் சேராத தூய ஃபெரிக் குளோரைடு கறுத்த படிகம். மேலே பட்டுத் திரும்பும் ஒளியில் கரும்பச்சையாகவும், ஊடுருவி வரும் ஒளியில் ஊதா கலந்த சிவப்பாகவும் தெரியும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துப் புகையும். அந்தப் புகை ஹைட்ரஜன் குளோரைடு, மூக்கையும் தொண்டையையும் பிடுங்கும். ஆறு நீர் மூலக்கூறுகளோடு வரும் மற்றொரு வகை மஞ்சள் கலந்த பழுப்புக் கட்டி. அது 37 டிகிரியிலேயே உருகிவிடும். வெயில் படும் அறையில் மூட்டையாக வைத்தால் மறுநாள் தரையெல்லாம் அமிலக் குழம்பாக ஓடும். மூன்றாவது நீ தினமும் பார்க்கப்போகும் கரும்பழுப்புக் கரைசல். அதன் ஒரு லிட்டர் சுமார் 1.4 கிலோ எடை. கேன் தூக்குகிறவர்கள் தண்ணீர்க் கேன் மாதிரி நினைத்துத் தூக்கி, பாதியில் கை நழுவ விடுவது இதனால்தான். இருபது லிட்டர் கேன் 28 கிலோ, அதைத் தனியாளாகத் தூக்க யாரையும் அனுமதிக்காதே.

திடப்பொருளைக் கரைக்க வேண்டி வந்தால், தண்ணீரை எடுத்துக்கொண்டு அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் சேராத வகை கரையும்போது கிளம்பும் சூட்டில் கொதித்துத் தெறிக்கும். இன்னொன்று, கரைசலை மிகவும் நீர்க்க வைத்துத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்திருக்கச் சொல்வார்கள், டோசிங், அதாவது நீரில் அளவாக விடுவது, சுலபம் என்று. வேண்டாம். நீர்க்க வைத்த கரைசல் குழாயிலேயே பழுப்பாகப் படிய ஆரம்பிக்கும். பம்பும் அடைக்கும், மருந்தின் வேலையும் குறையும்.

உலோகங்களிடம் இதற்கு இரக்கமே கிடையாது. சாதாரண இரும்பு, செம்பு, பித்தளை, அலுமினியம் எல்லாவற்றையும் தின்னும். “துருப்பிடிக்காத எஃகு போட்டிருக்கிறோம், பயமில்லை” என்று யாராவது சொன்னால், ஏஎஸ்டிஎம் ஜி48 என்ற சோதனையைப் பற்றிச் சொல். துருப்பிடிக்காத எஃகு எந்த அளவுக்குக் குழிவிழாமல் தாங்கும் என்று பார்ப்பதற்கென்றே உள்ள சோதனை அது. அதில் எஃகை முக்கி வைப்பது 6 சதவீத ஃபெரிக் குளோரைடு கரைசலில். உங்களிடம் இருப்பதோ 40 சதவீதம். அரிப்பும் சீராக நடக்காது. மேலே பளபளவென்று இருக்கும், ஓரிடத்தில் மட்டும் ஊசி நுழைகிற குழி உள்ளே இறங்கிக்கொண்டே போகும். தொட்டிக்கும் குழாய்க்கும் பாலிஎத்திலீன், பிவிசி, ஏற்ற பிசினில் செய்த கண்ணாடியிழை, உள்ளே ரப்பர் பூசிய எஃகு இவையெல்லாம் சரி. வால்வு, போல்ட், அளவுமானி என்று சின்னச் சின்ன உதிரிகளில்தான் கவனம் தப்பும். பிளாஸ்டிக் குழாயில் ஒரே ஒரு பித்தளை இணைப்பை யாராவது மாட்டியிருப்பார்கள். போய்ப் பார். உலோகத்தைத் தின்னும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரலாம். மூடிய இடத்தில் அது தீப்பற்றும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வளாகத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட் தொட்டியும் இருக்கும், கிருமி நீக்கத்துக்கு. அதற்குள் ஃபெரிக் குளோரைடு போய்விட்டால் குளோரின் வாயு கிளம்பும். காரணம் மறுபடியும் அதே அமிலத்தன்மைதான். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்ற ஊரில், டேங்கரில் வந்த சல்ஃப்யூரிக் அமிலத்தைத் தவறுதலாக ஹைப்போகுளோரைட் தொட்டியில் இறக்கிவிட்டார்கள். குளோரின் கலந்த மேகம் ஊருக்குள் பரவி, 140க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். இரண்டு பொருள்களின் இறக்கு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. அங்கே கலந்தது சல்ஃப்யூரிக் அமிலம், உங்களிடம் இருப்பது ஃபெரிக் குளோரைடு. ஹைப்போகுளோரைட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே டேங்கர் வந்தால் ஓட்டுநரையே குழாய் மாட்ட விடாதே. நீ கூட நின்று, சரக்குச் சீட்டைப் படித்து, வண்டியின் பலகையில் யுஎன் 2582 என்ற, அபாயப் பொருள்களுக்கான ஐ.நா. எண் இருக்கிறதா என்று பார். அது ஃபெரிக் குளோரைடு கரைசலுக்கான எண். நீர் சேராத திடப்பொருளுக்கு 1773. இரண்டுமே அரிக்கும் பொருள்களுக்கான எட்டாம் வகுப்பு. ஃபெரிக் குளோரைடு, ஹைப்போகுளோரைட் இரண்டு தொட்டிகளின் இறக்கு வாய்க்கும் தனித்தனிப் பூட்டு, தனித்தனிச் சாவி, வேறு வேறு அளவில் இணைப்பு. ஒன்றை மற்றொன்றில் மாட்டவே முடியாதபடி இருக்க வேண்டும். எழுத்துப் பலகை மட்டும் போதாது, இரவில் மழையில் யாரும் பலகை படிக்க மாட்டார்கள். இதற்குச் செலவாகும் என்று மேலே தயங்கினால், விடாமல் கேள். நீ சின்னவள், புதியவள் என்று ஒதுங்காதே.

உடம்பு விஷயம். கண்ணுக்கு இறுக்கமான பாதுகாப்புக் கண்ணாடி, அதற்கு மேல் முகத்தை மறைக்கும் தடுப்பு. இரண்டும் வேண்டும். நைட்ரைல் அல்லது நியோப்ரீன் கையுறை போடு, தோல் கையுறை வேண்டவே வேண்டாம், கரைசலை உறிஞ்சிக் கையோடு ஒட்ட வைத்துவிடும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே சொருகினால் வழிவதெல்லாம் நேராகக் காலுக்குப் போகும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி வைத்துவிட்டுப் போ.

கண்ணில் பட்டால் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த நொடியே தண்ணீர். இமையை விரலால் விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு மேலும் கழுவு. அப்புறம்தான் மருத்துவமனை. தோலில் பட்டால் நனைந்த உடையைக் களைந்துவிட்டுக் கழுவு. வெட்கப்பட்டு யாரும் சட்டையோடு நிற்க வேண்டாம். தோலில் மஞ்சள் பழுப்புக் கறை கொஞ்ச நாள் இருக்கும், அதைப் போக்கக் கண்டதைத் தேய்க்காதே. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே மருத்துவமனை.

கீழே கொட்டினால் முதலில் மணல் போட்டு அணை கட்டு. பிறகு சோடா சாம்பலோ (சோடியம் கார்பனேட்) சுண்ணாம்போ கொஞ்சம் கொஞ்சமாகத் தூவு. சோடா சாம்பல் பட்டால் நுரைத்துப் பொங்கும், அது கார்பன் டை ஆக்சைடு, நிதானமாகச் செய்தால் ஒன்றும் ஆகாது. வழுவழுப்பாக இருக்கும், நடக்கும்போது பார்த்துக்கொள். மழைநீர் வடிகாலுக்குப் போக விடாதே.

உன் தம்பி சர்க்யூட் பலகை அரிக்க இதே கரைசலைத்தான் வைத்திருக்கிறான். அவனிடமும் சொல். பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருக்கும், மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் அது நஞ்சு. சாக்கடையில் ஊற்றாமல் தனியாகச் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கச் சொல்.

அடுத்த டேங்கர் வருவதற்குள் இரண்டு காரியம் செய். தொட்டியிலிருந்து அவசர ஷவருக்கு நடந்து பார், வழியில் மூட்டையோ பூட்டிய கதவோ இருக்கக் கூடாது. நெம்புகோலை இழுத்துத் தண்ணீர் தெளிவாக வருகிறதா என்றும் பார். அப்புறம் அந்த இரண்டு இறக்கு வாயையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இணைப்பு அளவு ஒன்றாக இருந்தால் உன் மேலதிகாரிக்கு என்ன எழுத வேண்டும் என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா