கொக்கியை உள்ளே மடக்கச் சொல்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

நீ கௌகாத்தியிலிருந்து அனுப்பிய கட்டட வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே வரக்கூடியதிலேயே மிக மோசமான நிலநடுக்கத்தின் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குத்தான் பலம் கொடுக்கிறோம், மிச்சத்தைக் கம்பி நெளிந்து வாங்கிக்கொள்ளும் என்று சொன்னாயே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியானால் உன் கணக்கில் பெரும்பகுதி கம்பி கட்டுகிறவரின் கையில் அல்லவா இருக்கிறது!

நான் 30 வருடம் கம்பி கட்டியவன். பில்லரின் நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை மூலைமட்டமாக, 90 பாகைக்கு மடக்கி விட்டுவிடுவேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார், யாரும் கேட்டதில்லை. நிலநடுக்கத்தில் பில்லர் குலுங்கும்போது ரிங்குக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் முதலில் உதிர்கிறது. உடனே மூலைமட்டக் கொக்கி பிடியில்லாமல் விரிந்துகொள்கிறது. ரிங் விரிந்தால் நெட்டுக்கம்பி வெளியே பிதுங்கும், உள்ளிருக்கும் கான்கிரீட் நொறுங்கிக் கொட்டும். 135 பாகைக்கு மடக்கிய முனையோ நடுக் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கிறது, எளிதில் விடாது. ஒரு ரிங்குக்குக் கொஞ்சம் கூடுதல் கம்பி, கையால் இன்னும் ஒரு இழுப்பு, அவ்வளவுதான் செலவு. இதை அன்றே தெரிந்துகொள்ளாமல் எத்தனை வீடுகளைக் கட்டிவிட்டேன் என்று மனம் வலிக்கிறது.

நிலநடுக்க வரைபடத்தில் திருநெல்வேலி ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலம்தானே, பயமில்லை என்கிறார்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிராவில் லாத்தூர் பக்கம் கில்லாரி நிலநடுக்கத்தில் இடிந்தபோது அந்த ஊர் முதல் மண்டலத்தில், ஆபத்து மிகக் குறைவு என்று குறித்த இடத்தில்தான் இருந்தது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் அதிர்ந்ததில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. கீழ்த்தளத்தில் சுவரில்லாமல், கார் நிறுத்த வெறும் பில்லர்களை நிறுத்திய கட்டடங்கள் அவற்றில் நிறைய. நம் தெருக்கோடியிலும் இப்போது அப்படித்தான் ஒன்று எழுகிறது. வீட்டுக்காரரிடம் பேசினேன், ரிங்குகளையாவது சரியாக மடக்கச் சம்மதித்துவிட்டார். முதல் இரண்டு பில்லருக்கு நானே உட்கார்ந்து மடக்கிக் கொடுத்தேன்.

நீயும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் நேரில் போய் நில். போட்டோவை நம்பாதே, பீமும் பில்லரும் சேரும் இடத்தில் ரிங் நெருக்கமாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார். வேலை செய்கிறவர்களிடம் படத்தை நீட்டிக் கோபிக்காதே, ஒரு ரிங்கை நீயே மடக்கிக் காட்டு.

பொங்கலுக்கு வரும்போது உனக்கு நான் சொல்லித் தருகிறேன். கம்பி வளைக்கும் பலகை இன்னும் பின்கட்டில்தான் இருக்கிறது.

அப்பா